பூட்டுண்ட நாவும் அமைதியுற்ற நெஞ்சமும்

மனக்கலக்கத்துக்கு மருந்து இறைநம்பிக்கையே என்பதில் முஸ்லிம் எவருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அந்த மருந்து எவ்வாறு வேலை செய்கிறது, எத்தனை நாளில் வேலை செய்கிறது, அதை உண்டவனுக்கு முதலில் என்ன நேர்கிறது என்பன பற்றி நம் மேடைகளும் ஏடுகளும் மிகுதியாகப் பேசுவதில்லை. ‘ஈமான் உறுதியாக இருந்தால் உள்ளம் கலங்காது’ என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். சொல்பவருக்கு அது எளிது. கேட்பவருக்கு?

சில மாதங்களுக்கு முன் என் நெடுநாள் நண்பர் ஒருவர் தம் வளர்ந்த மகனை இழந்தார். நண்பர் ஐவேளைத் தொழுகையை விடாதவர். வாழ்நாளில் ஒருவரிடமும் கடுஞ்சொல் பேசி நான் கேட்டதில்லை. மகனை அடக்கம் செய்து நாற்பது நாள் சென்ற பின்னும் அவருக்கு உறக்கம் வரவில்லை. உணவு தொண்டையில் இறங்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்த பெரியவர் ஒருவர், “ஈமானில் பலவீனம் இருந்தால்தான் இப்படி ஆகும்; அதைச் சரிபடுத்திக்கொள்ளுங்கள்” என்று, நல்லெண்ணத்தோடுதான், சொல்லிப் போனார். அன்று அந்தியில் நண்பர் என்னிடம் கேட்டார்: “மகன் போன துக்கத்தை எப்படியும் தாங்கிக்கொள்வேன். ஈமானும் போய்விட்டதோ என்ற பயத்தை எப்படித் தாங்குவது?”

அவருக்கு நான் அன்று விடை கூறவில்லை. வீடு திரும்பி, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்ற சிறு நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். ‘வழிகேட்டினின்று மீட்பது’ என்பது அப்பெயரின் பொருள். அந்நூலை நாம் இதுவரை ஓரளவு தவறாகவே படித்து வந்திருக்கிறோம் என்ற எண்ணம் அவ்வாசிப்பில் எனக்கு வலுப்பட்டது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஆசிரியரும்

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 450-இல் (1058) குராசானிலுள்ள தூஸ் நகரில் பிறந்தவர்கள். நைஸாப்பூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனீ அவர்களிடம் பயின்றார்கள். ஆசிரியர் 1085-இல் மறைந்த பின், செல்ஜூக்கியப் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவைக்குச் சென்று, அறிஞர்களிடையே நடந்த விவாதங்களில் பெரும்பெயர் ஈட்டினார்கள். ஹிஜ்ரி 484-இல் (1091) பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் தலைமைப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார்கள். அப்பொழுது அவர்களுக்கு வயது முப்பத்துமூன்றுதான். முந்நூறு மாணவர்கள் அவர்களின் முன் அமர்ந்து பாடம் கேட்டனர். இஸ்லாமிய உலகில் ஓர் அறிஞர் அடையக்கூடிய பதவிகளுள் அதனினும் உயர்ந்தது அரிது.

‘முன்கித்’ நூலை அவர்கள் எழுதியது இவையெல்லாம் முடிந்து, ஐம்பது வயதைக் கடந்த பின். மார்க்கச் சகோதரர் ஒருவர் கேட்டதற்கு மறுமொழியாக அது அமைந்துள்ளது. அறிஞர் ஒருவர் தம் தேடலைத் தாமே எடுத்துரைக்கும் மரபு அதற்கு முன்னும் இருந்தது. ஹாரிஸ் அல்முஹாஸிபீ (ரஹ்) தம் அறிவுரை நூலின் முகப்பில் அவ்வாறு எழுதியிருக்கிறார்கள். ஆயினும் தம் தோல்வியை, தம் உடலின் தளர்ச்சியை, தம் எண்ணத்தில் கலந்திருந்த பொய்யை இவ்வளவு வெளிப்படையாக வைத்த நூல் அம்மரபில் மிக அரிது. ‘இஹ்யா உலூமித்தீன்’ நாற்பது பகுதிகள் கொண்ட பெருங்கடல் என்றால், ‘முன்கித்’ அக்கடலுக்கு அருகில் தோண்டிய சிறு ஊற்று. இஹ்யாவில் நாம் ஆசானைக் காண்கிறோம். முன்கிதில் மனிதரைக் காண்கிறோம்.

இரண்டு கலக்கங்கள்

இந்நூல் பற்றி நம்மிடையே வழங்கும் கதை எளிமையானது. இமாமுக்கு ஐயம் பிறந்தது, பதவியைத் துறந்தார்கள், தனிமையில் இருந்தார்கள், ஐயம் நீங்கி அமைதி பெற்றுத் திரும்பினார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இக்கதையில் வெவ்வேறான இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாகக் குழைந்துவிட்டன. நூலோ அவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது.

முதற்கலக்கம் அறிவைச் சார்ந்தது. கிறித்தவரின் குழந்தை கிறித்தவராகவும், யூதரின் குழந்தை யூதராகவும், முஸ்லிமின் குழந்தை முஸ்லிமாகவும் வளர்வதைக் கண்டு, வழிவழி வந்த நம்பிக்கைக்கும் உறுதியான அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை இமாம் ஆராயத் தொடங்குகிறார்கள். பிறரைப் பின்பற்றிப் பெற்ற நம்பிக்கையை அவர்கள் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார்கள். அது உடைந்துவிட்டால் ஒட்டவைக்க இயலாது. நெருப்பிலிட்டு உருக்கிப் புதிதாகத்தான் வார்க்க வேண்டும். கண் காணும் நிழல் அசையாதது போல் தோன்றுகிறது, ஆனால் நகர்கிறது. விண்மீன் ஒரு பொற்காசு அளவில் தெரிகிறது. கணக்கோ வேறு சொல்கிறது. புலன்களை அறிவு திருத்துகிறது என்றால், அறிவைத் திருத்த மற்றொன்று இருக்கக்கூடாதா? இவ்வினா அவர்களை ஏறத்தாழ இரண்டு மாதம் எதனையும் நம்ப இயலாத நிலையில் வைத்தது. அதிலிருந்து மீண்டது வாதத்தால் அன்று. இறைவன் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் என்று எழுதுகிறார்கள்.

இம்முதற்கலக்கம் நூலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகே கலாம் அறிஞர்கள், பாத்தினிய்யாக்கள், தத்துவவாதிகள், சூஃபிகள் என நால்வகையினரின் வழிகளையும் ஒவ்வொன்றாக ஆராய்கிறார்கள். அந்த ஆய்வுகள் அனைத்தும் முடிந்து, சூஃபிகளின் நூல்களையும் கற்றுத் தேர்ந்த பின்னர்தான் இரண்டாம் கலக்கம் வருகிறது. அது வரும் வாயிலிலேயே இமாம் ஒரு செய்தியை அழுத்தமாகப் பதிவு செய்கிறார்கள். அதற்குள் தமக்கு இறைவனிடத்திலும், நபித்துவத்திலும், இறுதி நாளிடத்திலும் உறுதியான ஈமான் வேரூன்றிவிட்டது என்பதே அச்செய்தி.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். பக்தாதில் இமாமின் நா அடைத்ததும், உணவு இறங்காமற் போனதும், மருத்துவர்கள் கைவிரித்ததும் ஐயத்தால் நேர்ந்தவை அல்ல. மூன்று அடிப்படைகளும் நெஞ்சில் உறுதிப்பட்ட பிறகு நேர்ந்தவை. ஈமான் இல்லாமையால் வந்த கலக்கமன்று அது. ஈமான் இருந்தமையால் வந்த கலக்கம். நம் கதைகூறிகள் தவறவிட்டது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதைத் தவறவிட்டதால், கலங்கியவரைக் காணுந்தோறும் அவருடைய நம்பிக்கையை நிறுத்துப் பார்க்கத் துணிந்துவிட்டோம்.

ரஜப் மாதத்துப் போராட்டம்

ஈமான் எவ்வாறு ஒருவரைக் கலக்கும்? இமாம் தரும் விளக்கம் எளியது. நலம் என்பதன் இலக்கணத்தை அறிதல் வேறு, நலமாக இருத்தல் வேறு. நோயுற்ற மருத்துவருக்கு நலத்தின் இலக்கணம் தெரியும். அதற்குரிய மருந்துகளும் தெரியும். ஆனால் அவரிடம் நலம் இல்லை. அவ்வாறே துறவின் இலக்கணத்தைத் தாம் அறிந்திருந்ததையும், துறவு தம்மிடம் இல்லாததையும் இமாம் கண்டுகொண்டார்கள். தம் பணிகளுள் மிகச் சிறந்தது கற்பித்தலே என்று எண்ணிய அவர்கள், அதன் நோக்கத்தை உற்றுப் பார்த்தபோது, இறைவனுக்காக அன்றி, புகழுக்காகவும் பதவிக்காகவும் அது நடைபெற்று வந்தது தெரிந்தது. சரியும் கரையின் விளிம்பில் நிற்பவனாகத் தம்மை உணர்ந்தார்கள்.

ஹிஜ்ரி 488, ரஜப் மாதம் (1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் இப்போராட்டம் நீடித்தது. ஒருநாள் புறப்பட உறுதி கொள்வார்கள். மறுநாள் அவ்வுறுதி கலைந்துவிடும். ஒரு காலை முன் வைத்தால் மறுகால் பின்னே செல்லும். காலையில் மறுமை வேட்கை தெளிவாக எழும்; மாலையில் ஆசைகளின் படை வந்து அதைச் சிதறடிக்கும். உலகச் சங்கிலிகள் ‘இரு’ என்று இழுக்க, ஈமானின் குரல் ‘பயணம், பயணம்’ என்று கூவிக்கொண்டிருந்தது. இது போய்விடக்கூடிய மனநிலைதான். இணங்கிவிடாதே என்று ஷைத்தானும் காதில் ஓதினான்.

இங்கே கவனிக்க வேண்டிய காலப்பொருத்தம் ஒன்று உண்டு. தத்துவவாதிகளின் கூற்றுகளை இருபது தலைப்புகளில் மறுத்து எழுதிய ‘தஹாஃபுத்துல் ஃபலாசிஃபா’ நிறைவுற்றது அதே ஹிஜ்ரி 488-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். வாதத்தில் வெல்வதற்கு உலகில் எவரும் இல்லை என்ற நிலையை அடைந்த அந்த ஆண்டிலேயே, வாதத்தின் கருவியாகிய நா அவர்களுக்கு அடைத்துக்கொண்டது. தம்மை நாடி வரும் மாணவர்களின் மனம் மகிழ ஒருநாளேனும் பாடம் சொல்ல முயன்றும் ஒரு சொல்லும் எழவில்லை. அடைத்த நாவின் துயர் நெஞ்சுக்கு இறங்கியது. நெஞ்சின் துயர் வயிற்றுக்கு இறங்கியது. ஒரு கவளம் செரிக்கவில்லை. ஒரு மிடறு பருகமுடியவில்லை. உடல் வலிமை குன்றவே மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தனர். இது நெஞ்சில் இறங்கி உடலுக்குப் பரவிய ஒன்று, உள்ளத்தை வாட்டும் கவலை நீங்கினாலன்றி இதற்கு மருந்து இல்லை என்று அவர்கள் முடிவு கூறினார்கள்.

இப்பகுதியின் எழுத்தாற்றலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இமாம் இங்கே உருக்கமாக எழுத முயலவில்லை. ஒரு மருத்துவர் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதுவது போல, எது முதலில் வந்தது, எது அடுத்து வந்தது என்று வரிசைப்படுத்துகிறார்கள். நாவு, நெஞ்சு, வயிறு, வலிமை என்று துயர் படிப்படியாக இறங்குவதை வாசகன் தன் உடலிலேயே உணர்கிறான். பெருந்துயர் சொல்லும் எழுத்துக்கு உணர்ச்சிச் சொற்கள் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. நூல் முழுவதும் மருத்துவ உவமைகள் நிறைந்திருப்பதும் வெறும் அணியன்று. உயிர் பிழைத்த நோயாளி மருத்துவத்தின் மொழியைப் பேசுகிறார்.

இறுதியில் மீட்பு எவ்வாறு வந்தது? தம் இயலாமையை உணர்ந்து, தம் விருப்பமெல்லாம் வீழ்ந்துவிட்ட நிலையில், வேறு வழியற்ற இக்கட்டான நிலையில் இருப்பவன் இறைவனை நாடுவது போல நாடியதாக எழுதுகிறார்கள். அவ்வாறு அழைப்பவனுக்கு விடையளிப்பவன் இறைவன் என்ற திருமறைக் கருத்து அவ்வரிகளில் எதிரொலிக்கிறது. பதவியையும் பொருளையும் மக்களையும் நண்பர்களையும் விட்டுச் செல்வது அதன் பிறகு எளிதாயிற்று. குடும்பத்துக்கு வேண்டிய அளவு வைத்துவிட்டு எஞ்சிய பொருளைப் பகிர்ந்தளித்து, ஹிஜ்ரி 488 துல்கஃதாவில் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள்.

இங்கும் நம் கதைகூறிகளுக்குக் கசப்பான ஒரு செய்தியை நூல் மறைக்கவில்லை. மக்காவுக்குப் போவதாக வெளியில் காட்டிக்கொண்டு, மனத்துக்குள் ஷாம் நாட்டுப் பயணத்தையே திட்டமிட்டதாக இமாம் ஒப்புக்கொள்கிறார்கள். கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடக்கூடும் என்ற அச்சமே காரணம். ஒரு மகான் தம் வரலாற்றை எழுதும்போது விட்டுவிடக்கூடிய வரி இது. அவர்கள் விடவில்லை.

ஐயுறுவோரின் வினாக்கள்

இவ்வரலாற்றை ஐயத்தோடு நோக்குவோரும் உண்டு. நிஜாமுல் முல்க் 1092-இல் கொலையுண்டார். அதே ஆண்டு சுல்தான் மலிக்‌ஷாவும் மறைந்தார். 1094-இல் கலீஃபா முக்ததீ மறைய, முஸ்தஸ்ஹிர் பதவியேற்றார். அக்கலீஃபாவுக்காகப் பாத்தினிய்யாக்களை மறுத்து இமாம் ஒரு நூலும் எழுதியிருந்தார்கள். எனவே பக்தாதை விட்டுச் சென்றது அரசியல் அச்சத்தால், கொலைக்கஞ்சி என்று மேலை ஆய்வாளர் சிலர் கருதினர்.

இதனை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. தம் புரவலர் கொலையுண்ட செய்தி எந்த மனிதரையும் உலுக்கும். பதவியும் பாதுகாப்பும் ஒரே இரவில் உதிர்வதைக் கண்ட ஒருவர், தம் வாழ்வின் நோக்கத்தைக் கேள்வி கேட்பதில் வியப்பு என்ன? மறுமை பற்றிய அச்சமும் இவ்வுலகின் நிலையாமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்று மற்றொன்றுக்கு வாயிலாவதும் உண்டு. ஆனால் உயிருக்கு மட்டும் அஞ்சியவர் நூலில் தம்மைப் புகழாசை கொண்டவராகக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. மேலும், மக்கள் அன்று என்னென்ன ஊகித்தார்கள் என்பதையும் இமாமே எழுதுகிறார்கள். தொலைவில் இருந்தவர்கள் ஆட்சியாளரின் வெறுப்பே காரணம் என்றார்கள். அருகில் இருந்தவர்களோ ஆட்சியாளர் தம்மை விடாமல் பற்றிக்கொண்டதைக் கண்டார்கள்.

இமாமின் காலத்தவரும் நைஸாப்பூரின் அறிஞருமான அப்துல் ஃகாஃபிர் அல்ஃபாரிஸீயின் சான்றும் இங்கு நினைக்கத் தக்கது. இமாமின் பழைய செருக்கை அவர் நேரில் அறிந்தவர். மாற்றம் பற்றிக் கேள்வியுற்றபோது, இதுவும் ஒரு வேடமாக இருக்கலாம் என்றே அவர் முதலில் எண்ணினார். பலமுறை சென்று கண்டு, சோதித்த பின்னரே தம் எண்ணம் தவறு என்று ஒப்பினார். ஐயத்தோடு சென்று தெளிவோடு திரும்பிய இச்சான்றுக்கு, புகழுரைகள் பலவற்றினும் எடை அதிகம்.

அமைதியின் அளவு

சரி, அமைதி கிடைத்ததா? நூலின் மிக நுட்பமான பகுதி இதற்கு விடையளிக்கும் பகுதியே. டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகல் முழுதும் தனித்திருந்ததையும், பைத்துல் முகத்தஸில் பாறை மாடத்துள் கதவடைத்து இருந்ததையும், கலீல் நகர் சென்று பின் ஹஜ்ஜை நிறைவேற்றியதையும் சில வரிகளில் சொல்கிறார்கள். அடுத்து வருகிறது ஓர் ஒப்புதல். பிள்ளைகளின் அழைப்பு தம்மை ஊருக்கு இழுத்தது. காலத்தின் நிகழ்ச்சிகளும், குடும்பக் கடமைகளும், பிழைப்பின் தேவைகளும் தனிமையின் தெளிவைக் குலைத்தன. நெஞ்சத்தின் தூயநிலை இடையிடையே மட்டுமே வாய்த்தது. ஆயினும் தாம் நம்பிக்கை இழக்கவில்லை. தடைகள் அதிலிருந்து தள்ளும். தாம் மீண்டும் அதனிடம் திரும்புவதுண்டு. பத்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன.

அமைதி என்பது ஒருமுறை பெற்று பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் பொருள் அன்று என்பதை இவ்வரிகளைவிட நேர்மையாகச் சொன்ன வேறு நூலை நான் படித்ததில்லை. அது வரும், போகும், மீண்டும் அதனிடம் செல்ல வேண்டும். ஐவேளைத் தொழுகை ஒருமுறை தொழுது முடிந்துவிடுவதில்லை அல்லவா? இதுவும் அத்தகையதே.

நூலில் குறைகள் இல்லாமலில்லை. பாத்தினிய்யாக்களுடனும் தத்துவவாதிகளுடனும் நடத்தும் வழக்குக்கு ஒதுக்கிய இடத்தை நோக்க, உள்ளத்தின் வரலாற்றுக்குக் கிடைத்த இடம் குறைவு. தந்தை சென்ற பின் குடும்பத்தார் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. பொருள் வைத்துச் சென்றது உண்மை. ஆனால் பிரிவு பொருளால் மட்டும் நிறைவதன்று. இமாமின் அமைதிக்கு அவர்களும் விலை கொடுத்தார்கள் என்பதை வாசகன் தானே எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேலும், தனிமையில் தமக்குத் திறந்தவை யாவை என்று சொல்லவேண்டிய இடத்தில், அரபுக் கவிஞர் ஒருவரின் அடியை எடுத்தாண்டு, அதுபற்றிக் கேட்க வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். கலக்கத்தை அங்கம் அங்கமாக விவரித்தவர் அமைதியை விவரிக்க மறுக்கிறார். இதனை முதலில் குறையாகவே எண்ணினேன். இப்பொழுது அப்படித் தோன்றவில்லை. துன்பம் பிறரோடு பகிரத் தக்கது. அதைப் படிக்கும் துன்புற்றவன் தனியன் அல்லன் என்று அறிகிறான். அமைதியை விவரித்தாலோ, அது கிட்டாதவனுக்கு அவ்விவரணையே மற்றொரு சுமையாகிவிடும்.

ஹிஜ்ரி 499-இல் (1106) அரச ஆணையின்பேரில் நைஸாப்பூரில் மீண்டும் கற்பிக்கச் சென்றார்கள். முன்பு புகழைப் பெற்றுத்தரும் கல்வியைக் கற்பித்தேன். இப்பொழுது புகழை விடச்செய்யும் கல்விக்கு அழைக்கிறேன் என்று இரண்டுக்கும் வேறுபாடு காட்டுகிறார்கள். உடனேயே, இந்த நோக்கத்தை அடைவேனா, அடையும் முன் இறந்துபடுவேனா என்பதை அறியேன் என்றும் சேர்த்துவிடுகிறார்கள். 1111-இல் தூஸில் இவ்வுலகை நீத்த அப்பெருமகனார், இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரும் ‘அடைந்துவிட்டேன்’ என்று எழுதவில்லை. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் ஒருவரின் நிலை இது.

கலீலின் வாயிலில்

இமாம் ஷாம் பயணத்தின்போது சென்ற இடங்களுள் கலீல் நகரை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். அங்கே இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, ஆட்சியாளரிடம் செல்வதில்லை, அவர்களின் பொருளைப் பெறுவதில்லை, வாதப்போர் புரிவதில்லை என்று உறுதி பூண்டதாகப் பின்னாளில் பாரசீக மொழியில் வரைந்த கடிதம் ஒன்றில் குறிப்பிடுகிறார்கள்.

இந்த இடம் பொருத்தமானது. இறந்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்று தமக்குக் காட்டும்படி இறைவனிடம் வேண்டியவர் அந்த இப்ராஹீம் நபியே. நீர் நம்பவில்லையா என்று இறைவன் கேட்க, நம்புகிறேன், ஆயினும் என் நெஞ்சம் அமைதியுற வேண்டுகிறேன் என்ற கருத்தில் அவர்கள் மறுமொழி பகர்ந்ததைத் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஈமான் ஒன்று, நெஞ்சத்தின் அமைதி மற்றொன்று. முன்னது இருக்கும்போதே பின்னதை வேண்டலாம். வேண்டியவரை இறைவன் கடிந்துகொள்ளவில்லை, வழி காட்டினான். இறைவனை நினைப்பதால் நெஞ்சங்கள் அமைதியுறுகின்றன என்று நாம் அடிக்கடி எடுத்தோதும் திருவசனத்திலும் ஆளப்பட்டிருப்பது அதே ‘இத்மினான்’ என்ற சொல்லே. அவ்வசனம் நோயற்றவர்க்குத் தரும் சான்றிதழ் அன்று. கலங்கியவர்க்குக் காட்டும் வழி.

மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போயின. தம் செல்வன் இப்ராஹீமின் மறைவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. நெஞ்சம் துயருற்றது என்று அவர்களே கூறினார்கள். இறைவனுக்கு உவப்பில்லாத சொல் மட்டும் நாவில் வரவில்லை. இவர்களின் ஈமானை நிறுக்க எந்தத் தராசை எடுத்துச் செல்வோம்? மருந்துண்பது தவக்குலுக்கு முரணானதன்று என்று இமாம் இஹ்யாவில் விரிவாக நிறுவியதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நெஞ்சு நோகும்போது மருத்துவரை நாடுவதும் குற்றமில்லை, அழுவதும் குற்றமில்லை.

‘முன்கித்’ நூல் நமக்குத் தரும் பாடம் இதுவே என்று கருதுகிறேன். நம்பிக்கை கலக்கத்தைத் தடுக்கும் மதில் அன்று. சில வேளைகளில் அதுவே கலக்கத்தைத் தொடங்கி வைக்கும். கலங்கியவன் எத்திசையில் திரும்ப வேண்டும் என்பதை அது காட்டும். திரும்பியவனை மீண்டும் மீண்டும் திரும்பச் செய்யும். அவ்வளவே அது தரும் உறுதி. அவ்வளவே போதுமானதும்கூட.

மறுவாரம் நண்பரின் வீட்டுக்குச் சென்று, நா அடைத்த பகுதியையும் தனிமை குலைந்த பகுதியையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பெரியவர் அன்றைக்குப் பக்தாதுக்குப் போயிருந்தால் இமாமிடம் என்ன சொல்லியிருப்பார்?” என்று கேட்டார். மகன் மறைந்த பின் அவர் முகத்தில் புன்னகை போன்ற ஒன்றை அப்பொழுதுதான் கண்டேன். இன்றும் அவருக்கு முழு இரவு உறக்கம் வருவதில்லை. உறக்கமில்லாத அவ்வேளையில் எழுந்து ஒளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுகிறார். துக்கம் அவரை விட்டுப் போகவில்லை. அதனோடு சேர்ந்து வந்த அந்தப் பயம் மட்டும் போய்விட்டது.